ஐயத்திற்கிடமான உயிரும் அன்பும்

கோட்டுகாலில் என் வேலியோரம் ஒரு பூனைக்குட்டி வந்து ஒண்டிற்று. ஆளைக் கண்டால் சீறும். உடலோ எலும்புந் தோலும். லூகேமியாவாக இருக்கலாமென்று ஐயம். "உமது கிழப்பூனைக்கும் தொற்றும், விரட்டிவிடும்" என்றனர் அண்டையார்.

1964-இல் கிளாஸ்கோவில் கண்டறியப்பட்ட அக்கிருமி, பெரும்பாலும் எச்சில்வழியே பூனைக்குப் பூனை பரவும், மனிதரைப் பற்றாது. ஆதலின் குட்டிக்குத் தனியறையும் தனித்தட்டும் அளித்தேன். இரத்தத்தை ஒருமுறை சோதித்தாயிற்று. சில வாரங்கழித்து மீண்டும் சோதித்தாலன்றி உறுதியில்லை.

சோழ, பாண்டிய, கேரளபுத்திர நாடுகளிலும் மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவம் அமைத்ததாக அசோகர் இரண்டாம் பாறைக் கட்டளையில் பொறித்தார். அவ்வறம் வந்த மண்ணன்றோ இது!

கிழப்பூனையைக் காத்தலும் கருணை. குட்டியை ஊட்டலும் கருணை. பிரித்து வைத்தல் வெறுப்பன்று. பிழைக்குமென்ற உறுதி கேட்டுப் பிறப்பது மைத்திரியாகாது.