ஓட்டுக்குச் செய்த சத்தியம்



தேர்தல் நேரம். அனுமந்தன்பட்டியில் பெண்களுக்கான பயான் முடித்துப் புறப்படுகையில், மூதாட்டி ஒருவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நம்மிடம் கேட்டார்: “ஹஜரத், ஓட்டுக்கு முன்னூறு ரூபா வாங்கிட்டேன். அல்லா மேல சத்தியமும் செஞ்சுட்டேன். இப்ப அந்த ஆளுக்குப் போட மனசு ஒப்பல. மாத்திப் போட்டா குத்தமா?”

அந்த அம்மையாராவது கேட்டார். கேட்காமலே வாங்கி முடிந்துகொள்ளும் வீடுகள் எத்தனை!

ஓட்டு என்பது ஒரு சாட்சியம் என்று முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். ‘இப்பொறுப்புக்கு இவர் தகுதியானவர்’ என்று நாம் சாட்சி சொல்கிறோம். சாட்சி சொல்லக் கூலி வாங்கலாமா? லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருசேரச் சபித்திருக்கிறார்கள். “நம் வரிப்பணம்தானே, வாங்கினால் என்ன?” என்பார் சிலர். வரிப்பணமானால் அது கஜானாவுக்கல்லவா போகவேண்டும்!

நமது தேனி மாவட்டத்திலேயே, 2019 ஏப்ரல் 16 இரவு, இடைத்தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, ஆண்டிபட்டியில் வருமான வரித் துறையினர் 1.48 கோடி ரூபாயைக் கைப்பற்றினார்கள். 94 பொட்டலங்கள். அவற்றின்மேல் வார்டு எண், வாக்காளர் தொகை, தலைக்கு 300 ரூபாய் என்று குறித்திருந்தது. ஐந்தாண்டுக்குக் கணக்கிட்டால் நாளொன்றுக்குப் பதினாறு காசு. இந்தப் பதினாறு காசுக்கு நாம் விற்பது ஓட்டை மட்டுமல்ல, நாவையும்தான். நாளை தெருவில் சாக்கடை நாறும்போது போய்க் கேட்டால், “உங்கள் வீட்டுக்குத்தான் கொடுத்துவிட்டோமே” என்ற பதில் காத்திருக்கும்.

கொடுப்பவர்க்கு அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? 2018-ல் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தில், கட்சிக்கு நிதி தந்தவர் யார் என்பதே வாக்காளருக்கு மறைக்கப்பட்டது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. அதை அறிந்துகொள்வது வாக்காளரின் பேச்சுரிமையில் அடங்கியது என்று கூறிற்று. சாட்சி சொல்பவர் விவரம் அறியாமல் எப்படிச் சொல்வார்?

இனி அம்மையாரின் கேள்விக்கு வருவோம். ஒன்றைச் செய்வதாகச் சத்தியம் செய்தவர், அதைவிட நல்லதைக் கண்டால் நல்லதையே செய்து, சத்தியத்தை முறித்ததற்குப் பரிகாரம் கொடுக்கட்டும் என்பது நபிவழி. ஆகவே மனம் தகுதியானவர் என்று யாரைச் சொல்கிறதோ அவருக்கே போடவேண்டும். பிறகு கஃப்பாரா: பத்து ஏழைகளுக்கு உணவு, அல்லது உடை. அதற்கு வசதியில்லாதவர் மூன்று நோன்பு. நமது ஹனஃபீ மத்ஹபில் தொடர்ச்சியாக. ஓட்டை மாற்றிப் போட்டதால் பணம் ஹலாலாகிவிடாது. கொடுத்தவரிடமே திருப்பவேண்டும். அவருக்கே போட்டாலும் இதே சட்டம்தான்.

“பத்துப் பேருக்கு ரெண்டு வேளைச் சோறு முன்னூறு ரூபாயில் ஆகுமா ஹஜரத்?”

“ஆகாதும்மா. அந்தப் பணத்தில் போடவும் கூடாது.”

சற்று யோசித்தார். “அப்ப மூணு நோம்பு வச்சுர்றேன். பணத்தை மகன்கிட்டக் கொடுத்து இன்னைக்கே திருப்பி அனுப்பிர்றேன்” என்று சொல்லி, முந்தானை முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.