ஏந்திச் செல்லப்படும் சிசு

பங்குனி உத்திரத்துக்கு இரண்டொரு நாள் இருக்கையில், மாலை வேளையில் கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்தின் நடைமேடையில் நிற்பவர்கள், முதுகில் ஒரு மூட்டையும் தோளில் ஒரு கைக்குழந்தையுமாகத் தெற்கே பிரயாணப்பட்டுவிட்ட இளம் தம்பதிகள் பலரைக் காண்பார்கள். மறைமலை நகர்த் தொழிற்சாலைகளையும் ஜி.எஸ்.டி. சாலையோரத்து அலுவலகங்களையும் நம்பி இவ்வூரில் வாடகைக்கோ வங்கிக் கடனுக்கோ வீடு பிடித்தவர்களில் திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமைக்காரர்களும் உண்டு. அவர்களுடைய குலதெய்வமான சாஸ்தாவோ அங்கேயே ஏதோ ஒரு குளக்கரையிலும் தேரிக்காட்டிலும், ஆண்டுக்கொரு முறை வந்து போகும் பிள்ளைகளை எதிர்பார்த்துத் தங்கிவிட்டார். வீட்டில் புதிதாக ஒரு சிசு பிறந்துவிட்டால், தாய்மாமன் மடியில் அதை இருத்தி, அந்தச் சாஸ்தாவின் சந்நிதியில் முதல் முடியை இறக்கியாக வேண்டும். ஆகவே, தென்னாட்டு விரைவு வண்டிகள் சாதாரணமாக நிற்காத இந்த நிலையத்தில் மின்சார ரயிலேறித் தாம்பரத்திலோ செங்கல்பட்டிலோ வண்டி மாறியும், 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் திறக்கப்பட்ட முனையத்தில் பேருந்தேறியும், ஏறத்தாழ 600 கிலோமீட்டர் நீளும் ஓர் இரவுப் பிரயாணத்தை, பிரயாணம் என்றால் என்னவென்றே அறியாத ஒரு ஜீவனைத் தூக்கிக்கொண்டு இவர்கள் மேற்கொள்கிறார்கள்.

சிசுவை வெளியே எடுத்துச் செல்வதைச் சாஸ்திரமும் அற்ப விஷயமாகக் கருதவில்லை. நான்காம் மாதத்தில் குழந்தையை முதன்முதலாக வீட்டுக்கு வெளியே கொணர்ந்து சூரியனைக் காட்டுவதற்கென்றே நிஷ்கிரமணம் என்ற ஒரு சம்ஸ்காரம் விதிக்கப்பட்டிருக்கிறது. மந்திரம் அறியாத நம் பாட்டிமாரோ, வசம்பைக் கோத்து மணிக்கட்டில் கட்டி, கன்னத்தில் மைப்பொட்டு வைத்து, துணிமூட்டைக்குள் ஓர் இரும்புத் துண்டையும் செருகி, அந்தச் சம்ஸ்காரத்துக்குச் சற்றும் குறையாத காரியத்தைச் செய்து முடித்துவிடுகிறார்கள். வண்டிக்குள் போய்ப் பார்த்தால், மேல் படுக்கையின் சங்கிலியிலிருந்து பழைய நூல்புடவை ஒன்று தூளியாகத் தொங்கும். வெந்நீர் ஃபிளாஸ்க்கும் பாலாடையும் ஜன்னலோரம் சாய்ந்திருக்கும். குழந்தை கக்கிய பாலைத் தன் தோளிலிருந்து முந்தானையால் துடைத்துவிட்டு, துடைத்த இடத்திலேயே அதன் தலையை மறுபடியும் சாய்த்துக்கொண்டு, செங்கல்பட்டின் கொளவாய் ஏரி கண்ணுக்குத் தெரிவதற்குள்ளாகவே தாய் பாதித் தூக்கத்தில் ஆழ்ந்திருப்பாள். கை மட்டும் தூங்குவதில்லை.

ஸ்ரீவைஷ்ணவ ஆசாரியர்களிடையே பல தலைமுறைகளாக விவாதிக்கப்பட்டு, வடகலை, தென்கலை என்ற பிரிவுக்குக் காரணமானவற்றுள் ஒன்றான அந்தப் பழைய கேள்வி, இக்காட்சியில் அப்படியே எழுந்து நிற்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஈசுவரன் ஜீவனைக் கரையேற்றுகிறான் என்பதில் இரு சாராருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. கரையேற்றப்படுகிறவன் தன் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டுமா என்பதில்தான் பேதம். மரத்துக்கு மரம் தாவும் தாயின் வயிற்றைக் குரங்குக் குட்டி தானே இறுகப் பற்றிக்கொள்வதுபோல ஜீவனும் பற்றவேண்டும் என்பது வடகலையாரின் மர்க்கட நியாயம். கண் திறவாத பூனைக்குட்டியைத் தாய் வாயால் கவ்விக்கொண்டு போவதுபோல ஈசுவரனே எல்லாம் செய்துகொள்வான் என்பது தென்கலையாரின் மார்ஜார நியாயம். இந்த உவமைகள் பிற்காலத்தில்தான் பெருவழக்காயின. ஆனால் இரண்டும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் குட்டியை எடுத்துச் செல்லும் பிரயாணத்தையே எடுத்துக்கொண்டன என்பதை யாரும் அவ்வளவாகக் கவனித்ததில்லை. தாய்மடியில் சும்மா படுத்திருக்கும் குட்டியை வைத்து இந்தத் தர்க்கத்தை எழுப்பியிருக்கவே முடியாது. இடம் பெயரும்போதுதான் விழுந்துவிடும் அபாயம் வருகிறது. அபாயம் வரும்போதுதான் யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்ற கேள்வி வருகிறது.

காஞ்சியைச் சேர்ந்த தூப்புலில் 1268-இல் அவதரித்த வேதாந்த தேசிகர், ஈசுவரன் கிருபை செய்வதற்கு ஜீவனிடமிருந்து ஒரு வியாஜம், ஒரு சிறு சாக்கு, வேண்டும் என்றார். ஸ்ரீரங்கத்துப் பிள்ளை லோகாசாரியரோ, வருகிற கிருபையை விலக்காமல் இருந்தால் போதும், அதற்கு மேல் கேட்பது தாயைக் கூலிக்காரியாக்குவதாகும் என்ற நிலையில் நின்றார். இவ்விருவர் பெயரைச் சொல்லிப் பிற்காலத்தார் காஞ்சி வரதராஜர் சந்நிதியில் யார் முன்னே நின்று சேவிப்பது என்று நீதிமன்றம் வரைக்கும் போனது ஒரு தனிக் கதை. அதில் குரங்கும் இல்லை, பூனையும் இல்லை.

விசித்திரம் என்னவென்றால், இந்த இரண்டு ஆசாரியர்களுமே தங்கள் வாழ்நாளில் ஒரு பெரும் பிரயாணத்தில், தூக்கிச் செல்கிறவர்களாக இருக்க நேர்ந்தது. 1323-இல் தில்லிப் படை ஸ்ரீரங்கத்தின் மீது பாய்ந்தபோது, லோகாசாரியர் உற்சவ மூர்த்தியான அரங்கனைப் பல்லக்கில் எழுந்தருளச் செய்து, சிறு கூட்டத்தோடு காட்டு வழியே தெற்கு நோக்கி ஓடினார் என்றும், மதுரைக்கருகே ஜ்யோதிஷ்குடியில் அவர் சரீரத்தை விட்டார் என்றும் குருபரம்பரைகள் கூறுகின்றன. தேசிகரோ, பிணக் குவியலுக்குள் மறைந்து கிடந்து உயிர் தப்பி, ராமாநுஜரின் ஸ்ரீபாஷ்யத்துக்கு வியாக்கியானம் எழுதிய சுதர்சன சூரி சாகுமுன் தம்மிடம் ஒப்படைத்த சுருதப்பிரகாசிகைச் சுவடியையும், அவருடைய சிறு பிள்ளைகள் இருவரையும் காத்து, காவிரிக்கரையோடு மேற்கே சென்று கன்னட தேசத்துச் சத்தியாகாலத்தை அடைந்தார். தெய்வம் நம்மைத் தூக்கிக்கொண்டு போகும், நாம் சும்மா இருந்தால் போதும் என்று உபதேசித்தவர் தெய்வத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நாம் பற்றவேண்டும் என்று உபதேசித்தவரின் கையை இரண்டு அநாதைப் பிள்ளைகள் பற்றிக்கொண்டார்கள். உபதேசத்துக்கும் நடத்தைக்கும் இதில் முரண்பாடு இருப்பதாக நான் கருதவில்லை. தூக்குகிறவருக்குத் தர்க்கம் செய்ய நேரம் இருப்பதில்லை.

இனி, மனித சிசு இந்த இரண்டு உவமைகளில் எதற்கு இணங்குகிறது என்று பார்ப்போம். 1891-இல் லூயிஸ் ராபின்சன் என்ற ஆங்கில மருத்துவர், பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தைகளை ஒரு கைத்தடியைப் பற்றச் செய்து தொங்கவிட்டுப் பார்த்தார். எந்தத் தாய்தான் அதற்குச் சம்மதித்தாளோ! ஆனால் பெரும்பாலான குழந்தைகள் தம் முழுப் பாரத்தையும் பத்து விநாடிக்குக் குறையாமல் தாங்கித் தொங்கின. பற்றிக்கொள்ள ரோமம் இருந்த காலத்து மூதாதையரின் சுபாவம் கையில் மிஞ்சியிருக்கிறது. பற்றுவதற்குத்தான் தாயின் உடலில் ஒன்றும் இல்லை. ஐந்தாறு மாதத்தில் அந்தப் பிடியும் மறைந்துவிடுகிறது. ஆக, மனிதக் குழந்தை பாதிக் குரங்குக்குட்டி; பிடிக்கத் தெரியும், பிடித்துத் தப்பிக்க முடியாது.

பூனையின் பக்கமும் அவ்வளவு சுலபமாக முடிந்துவிடவில்லை. ஜப்பானில் ரிக்கென் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கியதுமே அதன் இதயத் துடிப்பு விரைவாகத் தணிவதையும், கை கால் அசைவும் அழுகையும் குறைவதையும் கண்டார்கள். சும்மா உட்கார்ந்து அணைத்திருந்தபோது அவ்வளவு பலன் இல்லை. ஓடும் ரயிலில் குழந்தை வீறிட்டதும், கழிவறைப் பக்கத்துக் குறுகலான இடத்துக்கு எடுத்துப் போய் முன்னும் பின்னும் நடக்கிற தகப்பன்மார்கள் எந்த ஆய்வையும் படித்தவர்கள் அல்லர். ஆனாலும் அவர்கள் செய்வது அதுதான். அதே ஆய்வாளர்கள் எலிக்குஞ்சுகளிலும் இதைக் கண்டார்கள்: தாய் கவ்வியதும் குஞ்சு அசைவற்றுக் கால்களைச் சுருட்டிக்கொள்கிறது. தான் தூக்கப்படுவதைக் குஞ்சு உணராதபடி செய்தபோது, அதை மீட்டுக் கூட்டுக்குக் கொண்டுசெல்லத் தாய்க்கு அதிக நேரம் பிடித்தது. சும்மா தூக்கப்படுகிறதாக நாம் நினைத்த குட்டியும், அறியாமலே ஒரு காரியம் செய்துகொண்டுதான் இருக்கிறது.

தேசிகர் இதைக் கேட்டால், அந்தக் கால்களைச் சுருட்டுவதுதான் நான் சொன்ன வியாஜம் என்று புன்னகைப்பார். லோகாசாரியரும் விடமாட்டார்: அந்தச் சுருட்டும் சுபாவத்தைக் குட்டிக்குள் வைத்தவர் யார் என்று கேட்பார். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் அருகதை எனக்கில்லை. ஆனால் என் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. கூடுவாஞ்சேரியிலிருந்து தெற்கே போகும் இதே பாதையில், செங்கல்பட்டைத் தாண்டினால் மதுராந்தகம் வருகிறது. அங்கே ஏரிகாத்த ராமர் கோயிலில்தான், ஆசாரியர் பெரிய நம்பியைத் தேடிக் காஞ்சியிலிருந்து புறப்பட்ட ராமாநுஜரும், ராமாநுஜரை அழைத்துப்போக ஸ்ரீரங்கத்திலிருந்து புறப்பட்ட பெரிய நம்பியும் எதிர்ப்பட்டார்கள் என்றும், அங்கேயே ராமாநுஜருக்கு வைஷ்ணவ தீட்சையான பஞ்சசம்ஸ்காரம் நடந்தது என்றும் சம்பிரதாயம் சொல்கிறது. இருவரும் நடந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் மதுராந்தகம் காஞ்சிக்கு மிகச் சமீபம். ஸ்ரீரங்கத்துக்கோ பல நாள் நடை. தேடினவர் கொஞ்சம் நடந்தார். அழைக்க வந்தவரே நெடுந்தூரம் நடந்தார்.

கிழக்கே மாமல்லபுரத்தில், கிருஷ்ண மண்டபத்துப் பாறைச் சிற்பத்தில், மலையைக் குடையாகப் பிடித்த கண்ணனைக் காட்டிலும் என் கண்ணை அதிகம் கவர்வது, கறக்கும்போதே தன் கன்றை நக்கிக்கொண்டு நிற்கும் பசுதான். ஈன்ற கன்றின் உடலில் உள்ள அழுக்கையே பசு விரும்பி நக்குவதுபோல, ஈசுவரன் ஜீவனின் தோஷத்தையும் போக்கியமாகக் கொள்கிறான் என்பது தென்கலையார் வற்புறுத்தும் கருத்து. தோளில் கக்கிய பாலை விழுப்புரம் வரைக்கும் சுமந்துகொண்டு போகும் தாயைப் பார்த்தவருக்கு இதில் வியாக்கியானம் தேவைப்படாது. அந்தச் சிற்பக் கூட்டத்திலேயே, ஒரு முதியவர் தம் தோளில் ஒரு குழந்தையை ஏற்றிக்கொண்டு நிற்கிறார். ஏழாம் நூற்றாண்டிலும் யாரோ எங்கேயோ குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள்.

ஸ்ரீரங்கத்தை விட்டுப் போன அரங்கன் கேரளம், கன்னட நாடு, திருமலை என்று நெடுங்காலம் அலைந்து, செஞ்சியை ஆண்ட கோபண்ணரின் முயற்சியால் 1371-இல், 48 ஆண்டுகளுக்குப் பின், திரும்பி வந்தார். வந்தபோது அவரை அடையாளம் கண்டுகொள்ள எவருமில்லை. இடைக்காலத்தில் வேறொரு மூர்த்தி அங்கே ஆராதனையில் இருந்தார். பார்வை போன ஒரு முதிய வண்ணார், இருவருக்கும் திருமஞ்சனம் செய்த ஈர ஆடையைப் பிழிந்த தீர்த்தத்தின் மணத்தை நுகர்ந்து, இவரே நம்பெருமாள் என்று சொன்னதாக அக்கோயிலின் வரலாற்று ஏடான கோயிலொழுகு கூறுகிறது. தூக்கிச் சென்றவர்களில் பலர் வழியிலேயே மாண்டார்கள். அடையாளம் சொன்னவர் ஊரிலேயே இருந்தவர். பற்றுவதா, பற்றப்படுவதா என்று வாதாடிய இரு கட்சியாரும், போய்ச் சேரும் இடத்தில் காத்திருப்பவரைக் கணக்கில் சேர்த்ததாகத் தெரியவில்லை.

திருநெல்வேலியில் வண்டி நிற்கிறபோது, நடைமேடையில் நிற்கும் ஆச்சி குழந்தையின் முகத்தைத் திருப்பிப் பார்த்து, “மூக்கு அப்படியே எங்க மாமனார் மூக்குல்லா” என்கிறாள். அந்த மாமனாரைக் குழந்தையின் தாயேகூடப் பார்த்ததில்லை. ஏழெட்டு மாதக் குழந்தைக்குப் புது முகம் கண்டால் பயம். நீட்டிய கைகளைக் கண்டு முதுகை வில்லாக வளைத்து, ஆச்சியின் முகத்தில் அறைந்து, ஊரே திரும்பிப் பார்க்கும்படி அலறுகிறது. விலக்காமை ஒன்றாவது வேண்டும் என்றார் லோகாசாரியர். அந்த ஒன்றும் இங்கே இல்லை. ஆச்சி அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. “வாலே ராசா, வா” என்று பிடுங்காத குறையாக வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னே நடக்கிறாள். தாய்மாமன் சாஸ்தா கோயிலுக்கு ஆட்டோவும், மொட்டை போட நாவிதரும் முன்னமே ஏற்பாடு செய்துவிட்டு, பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறார்.