உதவியும் உரிமையும்

பசித்தவர்க்குச் சோறிடுவது அறம். இதில் நமக்குள் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால், அவரை யாரென்று எண்ணிக்கொண்டு சோறிடுகிறோம் என்பதும் அறத்தைச் சேர்ந்த கேள்விதான். 2020 மார்ச் 25-ஆம் தேதி கொரோனாவுக்காக நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது என் மனத்தில் எழுந்த கேள்வி இது, இன்னும் அடங்கவில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரை ஊரான ஜெகதாப்பட்டினத்தை எண்ணிப் பாருங்கள். இத்தகைய ஊர்களில் கடலுக்குப் போகிறவன் ஆண். கரையில் மீனை வாங்கிக் கூடையில் சுமந்து, தெருத் தெருவாகக் கூவி விற்கிறவள் பெண். படகு நின்றால் இருவர் தொழிலும் நிற்கும்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. தொழிலை நிறுத்தச் சொல்லும் அரசு மீனவக் குடும்பத்துக்கு நிவாரணம் தருகிறது. அன்று அது 5000 ரூபாய். குடும்பத்துக்கு என்று கொடுத்தாலும், கணக்கில் வருவது கடலுக்குப் போகிறவனின் தொழில். தொகை சிறிதுதான். ஆயினும், 'உன் உழைப்பை நிறுத்தினேன், அதற்கு ஈடு இது' என்ற மரியாதை அதில் இருக்கிறது.

ஊரடங்கில் பெண்ணுக்கு வந்தது என்ன? ஜன் தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மத்திய அரசு மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதம் போட்டது. மாநில அரசு அரிசி அட்டைக்கு 1000 ரூபாயும் விலையில்லா அரிசியும் கொடுத்தது. எத்தனையோ அடுப்புகள் அதனால் எரிந்தன. குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால், அந்த 500 ரூபாய் அவளைத் தேடி வந்தது ஏன்? அவள் கையில் கொடுத்தால் வீடு போய்ச் சேரும் என்ற நம்பிக்கையால்தானே? அங்கே அவள் தாய், இல்லத்தரசி. பிழைப்பை இழந்த வியாபாரியாக அவளை யார் கண்டார்கள்?

"எப்படி வந்தாலும் பணம் பணந்தானே?" என்று கேட்பீர்கள். தாய்க்கு வந்த பணம் உலையில் கரைந்துவிடும்; கரைவதற்காகத்தான் அது வந்தது. படகுகள் மீண்டும் கரை சேரும் அன்று மீன் வாங்க அவளுக்கு முதல் வேண்டுமே! அதை வட்டிக்குத்தானே வாங்க வேண்டும்?

வழி இல்லாமல் இல்லை. மீன் வரத்துக் குறையும் மாதங்களுக்காக, மீனவ மகளிர் சேமிக்கும் பணத்தோடு அரசு தன் பங்கையும் சேர்த்துத் தரும் திட்டம் தமிழ்நாட்டில் உண்டு. 2023 செப்டம்பர் 15-இல் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரத் தொடங்கியபோது, அதற்கு 'உரிமைத் தொகை' என்றே பெயரிட்டார்கள். வீட்டுக்குள் அவள் படும் பாட்டுக்கு மதிப்பு உண்டு என்று ஒப்புக்கொண்ட சொல் அது. வாசலுக்கு வெளியே அவள் சுமக்கும் கூடைக்கும் அந்தச் சொல் பொருந்த வேண்டாமா? அடுத்த கொள்ளைநோய் வருவதற்கு முன்பே இதற்கு விடை சொல்லிவிடுவது நல்லது. நோய் வந்தபின் யோசிக்க நேரம் இராது.