தனித்தவமும் கூட்டுப் பயிற்சியும்

உடம்பைப் பேணுவது ஆன்மிகத்துக்குத் தடை என்று எண்ணுவோர் உண்டு. திருமூலரோ இறைவன் குடியிருக்கும் இடம் என்று கண்டு உடம்பைப் போற்றினார். ஆனால் அவர் சொன்ன யோகம் தனித்துச் செய்வதாயிற்றே, உடம்பைப் பேணக் கூட்டம் எதற்கு? இதற்கு ஓர் ஆய்வு விடை தருகிறது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் படகோட்டிகளிடம் உளவியல் ஆய்வாளர் ராபின் டன்பார் குழுவினர் நடத்திய அந்த ஆய்வு 2010-இல் அச்சானது. துடுப்பு இயந்திரத்தை இழுத்து முடித்ததும் கையில் ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கி, எந்த அளவில் வலிக்கிறது என்று பார்த்தார்கள். தனியே இழுத்ததைவிடச் சேர்ந்து இழுத்தபோது வலி தாங்கும் திறன் கூடியிருந்தது. ஆய்வில் இருந்தவர்கள் 12 பேர்தான், அதுவும் தேர்ந்த வீரர்கள்; மனச்சோர்வுக்கு இதுவே மருந்து என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் ‘நான்’ என்பது என் தோலோடு முடிந்துவிடுகிறது என்ற எண்ணத்தை அந்த ஆய்வு அசைக்கிறது. சேர்ந்து ஓடினால் பின்தங்குபவர் கூசுவாரே என்றால், அது போட்டியின் கோளாறு. சேர்ந்து ஓடுவதன் குற்றமல்ல. தேர்வு நாளில் விடுதி அறையில் முடங்கும் தோழரை மாலையில் மைதானத்துக்கு அழைத்துப் போங்கள். அவர் வேகத்திலேயே ஓடுங்கள்.