நாள் கேட்கும் எலும்பு

பிள்ளை காய்ச்சலோடு, கால் வலிக்கிறது என்று அழுதால் நம் ஊரில் முதலில் வாயில் வரும் சொல் சுளுக்கு. எங்காவது விழுந்திருப்பான் என்று எண்ணெய் போட்டு உருவிவிடுவார்கள். மெடிக்கலில் சொல்லி இரண்டு நாளைக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள். காய்ச்சல் இறங்கும், வலியும் சற்றுத் தணியும். யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூலிக்குப் போகிற தாய்க்கு ஆஸ்பத்திரியில் ஒரு நாள் என்றால் வீட்டில் ஒரு நாள் அடுப்பு எரியாது.

ஆனால் அந்த முதல் சில நாட்கள்தான் எல்லாம். இரத்தத்தோடு வரும் கிருமி, பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ், வளரும் எலும்பின் முனையருகே தங்கிவிடுகிறது. உள்ளே சீழ் கட்டி அழுத்த, இரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போகிறது. செத்த எலும்புக்குள் எந்த மருந்தும் போய்ச் சேராது. மருந்து போகிற வழியே இரத்தம்தானே.

அப்படிச் செத்துப்போய் எடுக்கப்பட்ட ஓர் எலும்பை ஆபரேஷன் முடிந்து ட்ரேயில் வைத்திருந்தபோது பார்த்தேன். ஒரு விரல் நீளம். வெளிறி, ஓரமெல்லாம் அரித்து, கரையான் தின்ற குச்சி மாதிரி இருந்தது. பதினோரு வயதுப் பையன். மூன்று வருடம் காலில் சீழ் வடிந்திருக்கிறது. பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன், வீச்சம் அடிக்கிறது என்று பக்கத்துப் பையன் இடம் மாறி உட்கார்ந்த நாளோடு நின்றுவிட்டான்.

அவன் வந்தவுடனே கத்தி வைக்கவில்லை. செத்த எலும்பைச் சுற்றி உடம்பு புது எலும்பை உறைபோலக் கட்டும். அது பலப்படுவதற்குமுன் உள்ளே இருப்பதை எடுத்தால் காலைத் தாங்க எலும்பே இருக்காது. “இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கணும்மா” என்றார் டாக்டர். “எத்தனை நாள் சார்?” என்று கேட்டாள் தாய். மாதக் கணக்கு என்று அவர் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

மலாவியின் பிளான்டயர் நகரிலுள்ள பெய்ட் க்யூர் மருத்துவமனையின் பெயரால், பிள்ளைகளின் இந்த எலும்புத் தொற்றைச் சாதாரண எக்ஸ்ரேயை வைத்தே வகை பிரிக்கும் முறை ஒன்று இருக்கிறது. ஸ்கேன் வசதி இல்லாத ஊரில் எப்போது எடுக்கலாம், எப்போது காத்திருக்க வேண்டும் என்று முடிவெடுக்க அது கைகொடுக்கிறது. கையில் இருப்பதை வைத்து இப்படி யோசிப்பவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை. பிரிட்டனில் 1,054 பெரியவர்களிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வும் அப்படி உதவக்கூடியது. எலும்பு, மூட்டுத் தொற்றுக்கான சிகிச்சையின் முதல் ஆறு வாரங்களில், சரியாகத் தேர்ந்தெடுத்த மாத்திரை, நரம்பு வழி ஏற்றும் மருந்துக்குக் குறைந்ததல்ல என்று அது காட்டியது. ஆறு வாரம் கட்டிலில் கிடக்காமல் வீட்டுக்குப் போகலாம் என்பது ஏழைக்கு எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் எந்த மாத்திரை என்று சொல்ல, எலும்பில் எடுத்த திசுவிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் லேப் வேண்டும். அது எல்லா ஊரிலும் இல்லை.

எலும்பு துண்டாகவே குறைந்துபோனவர்களுக்கு, சைபீரியாவின் குர்கன் நகரில் இலிசரோவ் 1950களில் உருவாக்கிய வளையக் கம்பிச் சட்டம் இருக்கிறது. எலும்பைத் துண்டித்து, நாளுக்கு 1 மில்லிமீட்டர் நகர்த்த நகர்த்த, பின்னால் புது எலும்பு முளைக்கும். 6 சென்டிமீட்டர் குறை என்றால் நகர்த்த மட்டுமே 60 நாள். அது கெட்டிப்பட அதற்குமேலும் பல மாதம்.

அந்தப் பையன் இருந்த வார்டிலேயே, மகனுக்கு அந்தச் சட்டம் போட்டிருந்த இன்னொரு தாய், விடிந்ததும் சின்ன ஸ்பேனரை முந்தானையில் துடைத்து நட்டில் மாட்டினாள். கால் சுற்று. மகன் பல்லைக் கடித்துக்கொண்டான். “அவ்ளோதான்டா சாமி” என்று நெற்றியை வருடிவிட்டு, கட்டிலோரம் மாட்டியிருந்த அட்டையில் ஒரு கோடு போட்டாள். அன்றைக்கு இன்னும் மூன்று கோடு பாக்கி இருந்தது.