ஆயிரத்துக்கு அப்பால்

52-லிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதியிருந்தாள் என் மகள். இரண்டாம் வகுப்பு. அடுத்ததும் அப்படியே: 81-லிருந்து 46 போக 45. அன்று வங்கியில் கணக்கு நேராகாமல், நானூறு ரூபாய்க்காக இரண்டு மணி நேரம் தேடிவிட்டு வந்திருந்தேன். "ரெண்டுல ஏழு போகுமா?" என்று கேட்டேன். "ஏழுல ரெண்டு போகுமேப்பா" என்றாள். கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் அவள் தலையைச் சாய்த்துக்கொண்ட வேகத்தில், இது முதல் தடவை அல்ல என்பது எனக்கே தெரிந்தது.

கணக்கில் மட்டும் ஏன் இத்தனை கோபம்? அவள் லகர ளகரத்தைக் குழப்பினால் சிரித்துவிடுகிறேன். கணக்கின் விடை எல்லோருக்கும் பொது, யோசித்தால் எவருக்கும் புலப்பட்டே தீரும் என்று நம்புகிறோம். ஆகவே புலப்படாதபோது குழந்தை அறியாதிருப்பதாக அல்ல, மறுப்பதாகத் தோன்றுகிறது. கோபம் அறிவின் பக்கம் போய் நின்றுகொள்கிறது.

விட்கென்ஸ்டைன் 1920 முதல் 1926 வரை ஆஸ்திரியக் கிராமங்களில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தார். கணக்கு வராத பிள்ளைகளைத் தலைமயிரைப் பிடித்து இழுத்தார், காதில் அறைந்தார்; பெண் பிள்ளைகளையும்தான். 1926 ஏப்ரலில், ஓட்டர்தாலில், அவரிடம் அடிவாங்கிய பதினோரு வயதுப் பையன் மயங்கி விழுந்தான். வேலையை விட்டார். பத்தாண்டுகள் கழித்து அங்கே திரும்பிப் போய் வீடு வீடாக மன்னிப்புக் கேட்டார். எல்லோரும் இளகிவிடவில்லை. (நம்மில் அவர் பெயரை உச்சரிப்பவர்கள் மௌனம் பற்றிய அந்த வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கையைப் பற்றிப் பேச்சில்லை.)

அவர் இறந்தபின் 1953-ல் வந்த புத்தகத்தில் ஒரு மாணவன் வருகிறான். இரண்டிரண்டாகக் கூட்டிக்கொண்டே போகச் சொன்னால், ஆயிரம்வரை சரியாக எழுதிவிட்டு, பிறகு 1004, 1008 என்று போகிறான். தான் முன்போலவே செய்வதாகத்தான் நினைக்கிறான். அவன் அதுவரை எழுதியதில் எதுவும் அவனை 1002-க்குக் கட்டாயப்படுத்திவிடாது. கிராமத்துப் பையனுக்கும் இவனுக்கும் உறவு உண்டென்று நிரூபிக்க முடியாது. எனக்கு இருவரையும் பிரித்துப் படிக்க முடியவில்லை.

என் மகளிடமும் ஒரு விதி இருந்தது: பெரியதிலிருந்து சிறியதைக் கழி. கொடுத்தவன் நான். சின்னதில் பெரிது போகாது என்று போன வருஷம் சொன்னேன். ஓவர்டிராஃப்ட் கணக்குகளோடு பிழைப்பு நடத்துகிறவன் சொல்கிற வாக்கியமா அது? அதன்பின், 'பக்கத்தில் கடன் வாங்கு' என்றேன். அந்தக் கடனை யாரும் திருப்பித் தருவதில்லை. 52 என்பது நாற்பதும் பன்னிரண்டுமாகப் பிரிகிறது, அவ்வளவுதான். ஏழு வயதுக்கு அரை உண்மைகளைத் தவிர வேறெதையும் தர முடியாமல் இருக்கலாம். அதை முழுசாக நம்பியவளைத் தண்டிக்க எந்த நியாயமும் இல்லை.

மறுநாள் ஐந்து பத்து ரூபாய்த் தாள்களையும் இரண்டு ஒற்றை ரூபாய்களையும் அவளிடம் கொடுத்து, 27 ரூபாய் தா என்றேன். சற்று யோசித்தாள். "சில்லறை இருக்காப்பா?" என்றாள். கடன் என்ற பேச்சே அவளுக்குத் தேவைப்படவில்லை.

மூன்று கணக்கு சரியாகப் போட்டாள். நான்காவதில் மறுபடியும் பழைய விதி. எப்படிப் போட்டாய் என்று கேட்டேன். சொல்வதற்கு முன் என் கையைப் பார்த்துக்கொண்டாள்.