டேப்பை மூடினியா?

பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த வாரம் ஒரு தர்மசங்கடமான கேள்வி. மற்றவர்களும் படிக்கலாம். விஷயம் வண்டியோடு நிற்கப்போவதில்லை.

பெட்ரோல் டேங்குக்கு அடியில் ஒரு டேப் உண்டு. ஆர்.எக்ஸ். 100-லும் பழைய புல்லட்டிலும் அதைக் கையால்தான் திருப்ப வேண்டும். ஆன், ஆஃப், ரிசர்வ். வேறு சில வண்டிகளில் அந்த வேலையை எஞ்சினே பார்த்துக்கொள்ளும். ஓடும் எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறதல்லவா? அந்த உறிஞ்சல் ஒரு சின்னக் குழாய் வழியாக வந்து, டேப்புக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் சவ்வை இழுக்கும். பெட்ரோலுக்கு வழி திறக்கும். எஞ்சின் நின்றால் ஸ்பிரிங் தள்ளி மூடிவிடும். இதுதான் வாக்குவம் டேப். நீங்கள் மறந்தாலும் அது மறக்காது.

ரப்பருக்கு வயசாகும் வரை! சவ்வு விறைத்தால் பெட்ரோல் சரியாக வராது. கிழிந்தால் அதே சின்னக் குழாய் வழியே பெட்ரோல் எஞ்சினுக்குள் போய், வண்டி புகை தள்ளும். பல நாள் நின்ற வண்டி என்றால் இன்னொரு வேடிக்கை. எஞ்சின் சுற்றினால்தான் டேப் திறக்கும்; பெட்ரோல் வந்தால்தான் எஞ்சின் ஓடும். நடுவில் நம் கால்தான் கிக்கரோடு மல்லுக்கு நிற்கும்.

சம்பந்தர் பாடிய இரும்பை மாகாளம், ஆரோவில்லை ஒட்டிய ஊர். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் வண்டிகளை இந்தப் பக்கம் பார்க்கலாம். சீசனில் ஓடும், மற்ற நாளில் சும்மா நிற்கும். இப்படிப்பட்ட வண்டியைக் கொண்டுபோனால் மெக்கானிக் சுலபமாக வழி சொல்வார்: "இந்த ரோதனையே வேணாம் சார், கை டேப் போட்டுடலாம்."

போடலாம். செலவும் அதிகமில்லை. ஆனால் ஒரு காரியம் செய்தாக வேண்டும். உறிஞ்சல் குழாயைக் கழற்றிய இடத்தில் எஞ்சின் பக்கம் ஒரு துளை மிஞ்சும். அதை இறுக்கி அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் வேண்டாத காற்று புகுந்து, பெட்ரோல் விகிதம் குறைந்து எஞ்சின் சூடேறும்.

அடைக்க வேண்டிய இன்னொரு துளை நம்மிடம் இருக்கிறது. இனிமேல் யார் ஞாபகம் வைத்துக்கொள்வது?

கை டேப்பைத் திறந்தபடி விட்டுத் தூங்கினால், கார்புரேட்டரில் இருக்கும் சின்ன ஊசி ஒன்றுதான் பாக்கிக் காவல். அதில் ஒரு தூசு சிக்கினால் போதும். பெட்ரோல் சொட்டும், அல்லது எஞ்சினுக்குள் இறங்கி ஆயிலோடு கலக்கும். நம் ஊரில் பல வண்டிகள் ராத்திரி வீட்டு நடையில்தான் தூங்குகின்றன. அடுத்த அறையில் குழந்தை. அதற்கடுத்து சமையலறை.

1776-ல் ஆடம் ஸ்மித் ஒரு கதை சொன்னார். பழைய நீராவி எஞ்சினில் வால்வைத் திறந்து மூட ஒரு பையனை வைத்திருந்தார்கள். அவன் வால்வின் பிடியில் ஒரு கயிற்றைக் கட்டி, எஞ்சினே அந்த வேலையைச் செய்யும்படி பண்ணிவிட்டு விளையாடப் போய்விட்டானாம். கதை நிஜமோ பொய்யோ, மனித சுபாவம் நிஜம். அந்தக் கயிற்றின் பேரன்தான் வாக்குவம் டேப். அதைப் பழிப்பதில் அர்த்தமில்லை. அது சோம்பேறிகளை மட்டும் காப்பாற்றவில்லை. களைத்து வீடு திரும்புகிறவர்களையும் காப்பாற்றியது.

ஆனால் கயிறு கட்ட முடியாத வேலைகளும் உண்டு. இரும்பையிலிருந்து கடலோரமாக வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். உப்பு நீரை எப்போது அடுத்த பாத்திக்குத் திறந்துவிடுவது, மிச்சத்தை எப்போது வடிப்பது என்பதை ஆள் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். வடிக்கத் தாமதித்தால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து, உப்பு கசக்கும். மடையில் கை வைத்தவருக்கு, கை வைத்த நேரத்துக்கும் சேர்த்துப் பொறுப்பு.

கை டேப் போடுவதும் அப்படித்தான். பார்வைக்குப் பழுது பார்ப்பது மாதிரி இருக்கும். உண்மையில் அது ஒரு வாக்குறுதி. 'இதுவரை ரப்பர் செய்ததை இனி தினமும் நான் செய்வேன்' என்கிற வாக்குறுதி. நம் பெயரில் கொடுக்கலாம், தப்பில்லை. அடுத்தவர் பெயரில் கொடுக்க நமக்கு என்ன உரிமை? 'ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன் மாமா' என்று சாவியை வாங்கிப் போகும் பையனுக்கு, வண்டியில் டேப் மாறியது தெரியாது. வாடகைக்கு எடுப்பவருக்கும் தெரியாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புது பெட்ரோல் வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஃப்யூயல் இஞ்செக்ஷன் வந்துவிட்டது. அவற்றில் பழகியவர்களுக்குத் திருப்பி மூட ஒரு டேப் உண்டு என்பதே தெரியாமலிருக்கலாம்.

ஆகவே என் கட்சி இது. வண்டியை நீங்கள் மட்டும்தான் ஓட்டுவீர்களா? தாராளமாகக் கை டேப் போடுங்கள். நாலு பேர் கை மாறுகிற வண்டியா? சாவியோடு ஒரு அட்டையைக் கட்டுங்கள்: 'நிறுத்தியதும் டேப்பை மூடவும்.' அட்டை கட்டச் சோம்பலாக இருந்தால், புது வாக்குவம் டேப்பே வாங்கிப் போட்டுவிடுங்கள். ரப்பர் நம்மைவிட நம்பகமானது.